பெட்ரோல் டியூப் ஒழுகல்: 900 ரூபாயா, 18,939 ரூபாயா?

கேள்வி (பெங்களூர் ஹொரமாவு வாசகர்), 9 அக்டோபர் 2025

2012 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல நிறுத்தறேன். கொஞ்ச நாளா காலையில வண்டிகிட்ட போனாலே பெட்ரோல் வாடை. தரையில ஒரு சொட்டுகூட இல்ல. சர்வீஸ் சென்டர்ல காட்டினேன், "ஃபியூயல் லைன் லீக்" சொல்லி 18,939 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்துட்டாங்க. பக்கத்துத் தெரு மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்துட்டு 900 ரூபாய்ல முடிச்சுடலாம்ங்கறார். 18-ஆம் தேதி அம்மாவையும் குழந்தைகளையும் கூட்டிக்கிட்டு தீபாவளிக்குத் திருவண்ணாமலை போகணும். எது நியாயமான விலை? இல்ல, ஊருக்குப் போயிட்டு வந்து பார்த்துக்கலாமா?

(இது ஒரு கேள்வி-பதில் இழை. இனி வர்ற குறிப்புகள் எல்லாம் அல்சூர்வாசிங்கறவர் எழுதினது. நடுநடுவுல மத்த வாசகர்கள் எழுதினதுக்கும் பதில் சொல்றார்.)

9 அக்டோபர், இரவு 10.40

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில். போயிட்டு வந்து பார்த்துக்கலாம்ங்கற பேச்சே வேண்டாம். திருவண்ணாமலை இருக்கட்டும், பால் வாங்கக்கூட அந்த வண்டியை எடுக்காதீங்க.

வண்டி இப்பவும் பேஸ்மென்ட்லதான் நிக்குதுன்னா, ஸ்டார்ட் பண்ணாம வெளியே கொண்டுவர வழி பாருங்க. ரேம்ப் ஏத்தத்துல நாலு பேர் தள்ளினாலும் ஏறாது. இன்சூரன்ஸோட ரோட்சைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருந்தீங்கன்னா அவங்களைக் கூப்பிட்டு இழுத்து வெளியே போடச் சொல்லுங்க. விலை நாளைக்குப் பேசிக்கலாம்.

9 அக்டோபர், இரவு 11.15

"வாடைதானே, சொட்டுகூட இல்லையே, எதுக்கு இவ்வளவு பயமுறுத்தறீங்க"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். பயமுறுத்தல. பெட்ரோல் ஆவி காத்தைவிட மூணு நாலு மடங்கு கனம். மேலே போகாது, தரையோட தரையா படர்ந்து பள்ளம் பார்த்துத் தேங்கும். பேஸ்மென்ட்ல பள்ளம்னா எது? லிஃப்ட் குழி, மழைத்தண்ணி வடிகால், மோட்டார் வச்சிருக்கற சம்ப். இதுல லிஃப்ட்டுக்கும் மோட்டாருக்கும் கரண்ட் இருக்கு. பெட்ரோலுக்கு மைனஸ் 40 டிகிரி குளிர்லகூட தீப்பிடிக்கிற அளவு ஆவி கிளம்பும். அதனால பெங்களூர் அக்டோபர் குளிரை நம்பி உட்கார முடியாது. இன்னும் பத்து நாள்ல தீபாவளி. எந்தப் பிள்ளை எங்கே மத்தாப்பு கொளுத்தும்னு யாருக்குத் தெரியும்?

டீசல்ல இந்த ஆபத்து குறைவு. அது நல்லா சூடானாதான் அந்த அளவுக்கு ஆவி விடும். இவர் வண்டி பெட்ரோல்.

10 அக்டோபர், காலை 7.20

வண்டியை இழுத்து வெளியே போட்டாச்சுன்னு எழுதியிருக்கார். மனசு நிம்மதியாச்சு. இப்ப விலைக்கு வரேன்.

ரெண்டு பேரும் விலை சொல்லிட்டாங்க. எந்த இடத்துல ஒழுகுதுன்னு ரெண்டு பேரும் காட்டல. எனக்கு இதுதான் பிரச்சினை. ஒழுகற இடத்தை விரல் வச்சுக் காட்டாத வரைக்கும் 900-மும் விலை இல்ல, 18,939-மும் விலை இல்ல. இந்த வேலையில பொருளுக்கு ஆகற காசு ரொம்பக் கம்மி. இடத்தைக் கண்டுபிடிக்கறதுக்கும் அங்கே கை போய்ச் சேர்றதுக்கும்தான் காசு.

டேங்க்ல இருந்து இன்ஜின் வரைக்கும் பெட்ரோல் வர்ற வழியை நினைச்சுப் பாருங்க. டேங்குக்குள்ள பம்ப். பம்போட தலையில ஒரு ஓ-ரிங் (ஒழுகாம அடைக்கற ரப்பர் வளையம்). அங்கிருந்து ஒரு சின்ன ரப்பர் ஓஸ். பிறகு வண்டிக்கு அடியில முன்பக்கம் வரைக்கும் ஓடற நீளமான பைப், அது இரும்பா இருக்கும், இல்ல நைலானா இருக்கும். திரும்ப இன்ஜின் பக்கம் ஒரு ஓஸ். அப்புறம் ரயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரிச்சுக் கொடுக்கற குழாய்), இன்ஜெக்டர் (இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீச்சறது). இது போக பெட்ரோல் போடற வாய்க்கும் டேங்குக்கும் நடுவுல தடிமனான ஒரு ஓஸ், ஆவியைப் பிடிச்சு வைக்கற கேனிஸ்டருக்குப் போற மெல்லிசு டியூப்.

எங்க கண் முன்னால வந்துபோன சின்ன வண்டி பில்லுகளை வச்சு சொல்றேன். இன்ஜின் பக்கத்து ஓஸ் வெடிச்சிருந்தா பொருளும் கூலியும் சேர்த்து 700-ல இருந்து 1,500-க்குள்ள முடியும். டேங்குக்கு மேல இருக்கற ஓஸ்னா பொருள் அதே விலைதான், ஆனா டேங்கை இறக்கணும், கூலி மட்டும் 1,500-ல இருந்து 3,000. ஓ-ரிங் இருநூறு முந்நூறு. சில வண்டியில பின்சீட்டைத் தூக்கினா அடியில ஒரு மூடி இருக்கும், அரை மணியில வேலை முடியும். மூடி இல்லாத வண்டியில அதுக்கும் டேங்க் இறங்கணும். அடியில ஓடற பைப்பை முழுசா மாத்தினா ஐயாயிரத்துக்கு மேல. பம்ப் முழு செட்டு மாத்தறதுதான் எல்லாத்தையும் விட பெரிய செலவு. ஒழுகலுக்காக பம்ப் மாத்தவேண்டி வர்றது ரொம்ப அபூர்வம், அதோட பிளாஸ்டிக் தலை விரிசல் விட்டிருந்தா மட்டும்தான்.

எஸ்டிமேட்ல ஒவ்வொரு வரியும் என்னன்னு எழுதிப் போடுங்க.

10 அக்டோபர், மாலை 6.05

போட்டுட்டார். பைப் செட்டு 5,800. பம்ப் செட்டு 7,200. கிளிப், கிளாம்ப் 450. டேங்க் இறக்கி ஏத்தற கூலி 2,600. மொத்தம் 16,050. அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 2,889. ஆக 18,939.

கூட்டல் சரியா இருக்கு. ஆனா பொருளோட பெட்டியில அச்சடிச்ச எம்.ஆர்.பி-ன்னா வரி உட்பட. எஸ்டிமேட்ல இருக்கற விலை வரிக்கு முந்தினதுன்னா பம்ப் வரியோட சேர்ந்து 8,496 வரும், பைப் 6,844 வரும். பெட்டி மேல அச்சான விலை இதைவிடக் குறைவா இருந்தா, எம்.ஆர்.பி மேல இன்னொரு தடவை வரி போட்டிருக்காங்கன்னு அர்த்தம். பெட்டியைக் காட்டச் சொல்லிக் கேக்கறதுக்கு யாரும் கூச்சப்படவேண்டாம்.

இன்னொண்ணு. போன மாசம் 22-ஆம் தேதியில இருந்து கார் உதிரி பாகங்களுக்கு 28 சதவீதமா இருந்த ஜிஎஸ்டி 18 ஆயிடுச்சு. பழைய ஸ்டாக்ல பழைய விலைதான் அச்சாகி இருக்கும். 28-ல இருந்த பொருள் 8,000 ரூபாய்னா இப்ப 7,375-க்கு வரணும். பழைய ஸ்டிக்கர் விலையை அப்படியே வாங்கினா 625 ரூபாய் சும்மா போகுது.

11 அக்டோபர், காலை

என் கதை ஒண்ணு சொல்லணும், இதே மாதிரிதான். சில வருஷத்துக்கு முன்னால என் வண்டியில வாடை. ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல (பேர் வேண்டாம்) பம்ப் மாத்தணும்னு சொல்லி மாத்தியும் கொடுத்தாங்க. வீட்டுக்கு வந்து நிறுத்தினா திரும்ப வாடை. மறுபடியும் போனா "புது பம்ப்ல ஆரம்பத்துல கொஞ்சம் வாடை இருக்கும் சார்"னு சொன்னாங்க. அந்தப் பதில்தான் இன்னிக்கும் ஆத்திரமா வருது. வாடைன்னா ஒழுகுதுன்னு அர்த்தம். ஒழுகாத வண்டியில பெட்ரோல் வாடை வரவே கூடாது, புதுசானாலும் பழசானாலும்.

கடைசியில மர்ஃபி டவுன்ல ஒரு பாய் கண்டுபிடிச்சார். வண்டியை ரேம்ப்ல ஏத்தி, அடியில பைப்பைப் பிடிச்சிருக்கற பிளாஸ்டிக் கிளிப்புகளை ஒவ்வொண்ணா கழட்டினார். ஒரு கிளிப்புக்குள்ள சேறு அடைஞ்சு, அந்த ஈரத்துலயே பைப் துருப்பிடிச்சு ஊசி முனை அளவு ஓட்டை. வெளியே பார்த்தா பைப் பளபளன்னு இருக்கு, கிளிப்புக்குள்ள மட்டும் அரிச்சிருக்கு. நம்ம ஊர் ரோட்டு மழைச்சேறும் ஹம்ப்ல அடி தட்டறதும் சேர்ந்தா இரும்பு பைப் இருக்கற எந்த வண்டிக்கும் இந்த இடம் போகலாம்.

அதனால ஹொரமாவு நண்பருக்கு ரெண்டு கேள்வி. வாடை முன்பக்கம் அதிகமா, பின்பக்கம் அதிகமா? ஃபுல் டேங்க் போட்ட அன்னிக்கு மட்டும் அதிகமா வருதா, எப்பவும் ஒரே மாதிரியா?

11 அக்டோபர், இரவு 9.30

பின்சீட்டுக்குப் பக்கத்துலதான் அதிகம், ஃபுல் டேங்கோ அரை டேங்கோ ஒரே மாதிரிதான், ஓட்டிட்டு வந்து நிறுத்தின ஒரு மணி நேரத்துல வாடை தூக்குது, அப்புறம் குறையுதுங்கறார்.

நேத்து வரைக்கும் முன்பக்க ஓஸ்தான்னு நினைச்சிருந்தேன். இந்தப் பதிலைப் பார்த்ததும் மாத்திக்கறேன். ஃபுல் டேங்க்ல மட்டும் வந்திருந்தா ஓ-ரிங்கா இருக்கும், அல்லது பெட்ரோல் போடற வாய் ஓஸா இருக்கும். எப்பவும் வருது, அதுவும் ஓடி நின்னதும் வருதுன்னா அழுத்தம் இருக்கற பாதையில பின்பக்கம். சொட்டு கீழே விழாததுக்கும் காரணம் புரியுது. டேங்க் மேல விழுந்து அங்கேயே ஆவியாயிடும். அப்படின்னா டேங்க் இறக்கணும்னு சர்வீஸ் சென்டர்காரங்க சொன்னது சரிதான். 900 ரூபாய் மெக்கானிக் பானட்டை மட்டும் திறந்து பார்த்தவர். அவர் முன் ஓஸை மாத்தியிருப்பார், வாடை அப்படியே இருந்திருக்கும்.

12 அக்டோபர், மதியம்

ஓஸைப் பத்திக் கொஞ்சம் நீளமா எழுதறேன். நல்ல மெக்கானிக்குகளே இதுல அலட்சியமா இருக்காங்க.

பழைய கார்புரேட்டர் வண்டியில பெட்ரோல் லைன்ல அழுத்தம் அரை பார்கூட கிடையாது (பார்ங்கறது அழுத்தத்தை அளக்கற அலகு). இன்ஜெக்‌ஷன் வண்டியில 3-ல இருந்து 4 பார். உங்க டயர்ல இருக்கற காத்து 33 பி.எஸ்.ஐ, அதாவது 2.3 பார்தான். டயரைவிட அதிக அழுத்தத்துல பெட்ரோல் அந்த ஓஸுக்குள்ள நிக்குது.

ஜே.சி. ரோட்டுல (பெங்களூர்ல உதிரி பாகக் கடைகள் இருக்கற தெரு) போய் "பெட்ரோல் டியூப் எட்டு எம்.எம்"னு மட்டும் கேட்டா, கறுப்பா ஒண்ணை அளந்து வெட்டிக் கொடுத்துடுவாங்க. அது எதுக்கான ஓஸ்னு அதோட உடம்புலயே அச்சாகி இருக்கும். எஸ்.ஏ.இ ஜே30 (ஓஸுக்கான தரக் குறியீடு) ஆர்6, ஆர்7-னு இருந்தா அது 50 பி.எஸ்.ஐ வரைக்கும்தான், கார்புரேட்டர் வண்டிக்கும் திரும்பி வர்ற ரிட்டர்ன் லைனுக்கும் போதும். ஆர்9-னு இருந்தா 100 பி.எஸ்.ஐ தாங்கும், உள்பக்கம் எத்தனாலுக்கு அசையாத ஃப்ளோரோ ரப்பர் பூச்சு இருக்கும். 4 பார்ங்கறது 58 பி.எஸ்.ஐ. கணக்கு நீங்களே போட்டுப் பாருங்க. எழுத்தே இல்லாத ஓஸ்னா கையிலகூட வாங்காதீங்க. மீட்டருக்கு இருநூறு முந்நூறு ரூபாய் மிச்சம், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

கிளாம்ப் விஷயம் இன்னும் மோசம். பட்டையில வரிசையா ஓட்டை போட்ட பல் கிளிப், தண்ணி ஓஸுக்குப் போடறது, அதை இறுக்கினா பல்லு ரப்பருக்குள்ள இறங்கிக் கடிச்சிடும். பெட்ரோலுக்குன்னு தனியா கிளாம்ப் உண்டு. உள்பக்கம் வழவழன்னு இருக்கும், ஓரம் மடிச்சு விட்டிருக்கும். விலை வித்தியாசம் முப்பது நாப்பது ரூபாய்.

நைலான் பைப்ல வெட்டு விழுந்தா அது மேல ரப்பர் ஓஸைச் சொருகி கிளாம்ப் போடறவங்களும் இருக்காங்க. வழவழப்பான நைலான் மேல ரப்பர் பிடிக்காது, ஒரு நாள் நழுவிடும். இரும்பு பைப்ல துருப்பிடிச்ச துண்டை வெட்டிட்டு நடுவுல ஓஸ் கொடுக்கணும்னா, பைப் முனையில வளையம் மாதிரி ஒரு வீக்கம் எழுப்பணும். அதுக்குத் தனி டூல் இருக்கு. அது இல்லாதவர்கிட்ட வேலை கொடுக்காதீங்க.

12 அக்டோபர், இரவு

"அந்தக் காலத்துல சோப்பைத் தேய்ச்சே ஊருக்குப் போயிடுவோம், நீங்க என்னமோ பி.எஸ்.ஐ பேசறீங்க"ன்னு ஒரு பெரியவர் எழுதியிருக்கார். ஐயா, நானும் பார்த்திருக்கேன். எங்க அப்பா வச்சிருந்த பிரீமியர் பத்மினி கார்ல டேங்க் ஒழுகினப்போ வாணியம்பாடி பக்கத்துல ஒரு டீக்கடையில துணிசோப்பு வாங்கி, பிசைஞ்சு அப்பிட்டு வந்தார். பெட்ரோல்ல சோப்பு கரையாது, அதனால அது நின்னது. ஆனா அது டேங்க், அழுத்தமே இல்லாத இடம். 3 பார் இருக்கற லைன்ல சோப்பும் நிக்காது, எம்-சீலும் நிக்காது, இன்சுலேஷன் டேப்போட பசை பெட்ரோல் பட்டதும் கரைஞ்சு வழிஞ்சிடும்.

உங்க அனுபவம் பொய்னு சொல்லல. வண்டி மாறிடுச்சு, அவ்வளவுதான்.

13 அக்டோபர்

எதிர்பார்த்த மாதிரியே இ20 (20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்) சண்டை வந்தாச்சு. பாதிப் பேர் "எல்லாம் எத்தனால் பண்ற வேலை"ங்கறாங்க, மீதிப் பேர் "எத்தனாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல"ங்கறாங்க.

தெரிஞ்சதை வச்சுப் பேசலாம். பெட்ரோல்ல 10 சதவீத எத்தனால்ங்கற அளவை நாடு 2022 ஜூன்ல தொட்டுச்சு. இ20-ஐ 2023 பிப்ரவரியில நம்ம பெங்களூர்லதான், இந்தியா எனர்ஜி வீக் மாநாட்டுல வெளியிட்டாங்க. 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகள்ல ஓஸ், சீல் எல்லாம் இ20 தாங்கற பொருள்ல வருது. இப்ப பங்க்ல நமக்குக் கிடைக்கறது இ20தான். பழைய வண்டியில இருக்கற சாதாரண நைட்ரைல் ரப்பர் எத்தனால் பட்டா உப்பும், அப்புறம் காஞ்சு விறைக்கும். இதெல்லாம் உண்மை.

ஆனா பதிமூணு வருஷம் இன்ஜின் சூட்டுலயும் ரோட்டுச் சேறுலயும் கிடந்த ரப்பர் எத்தனால் இல்லாமயே வெடிச்சிருக்கும். எது எவ்வளவு காரணம்னு ஒரு ஓஸைப் பார்த்துப் பிரிச்சுச் சொல்ல முடியாது. அதைப் பிரிச்சுத்தான் தீரணும்னு சண்டை போடறதுல பிரயோஜனமும் இல்ல. மாத்தும்போது ஆர்9 போடுங்க, விஷயம் முடிஞ்சது. பத்து வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டி வச்சிருக்கறவங்க, ஒழுகறதுக்கு முன்னாலயே ரப்பர் ஓஸ் எல்லாத்தையும் ஒரு தடவை மாத்திடுங்க. அரசாங்கத்துமேல உள்ள கோபத்தை அதுக்கப்புறம் நிதானமா எழுதலாம், நானும் சேர்ந்துக்கறேன்.

14 அக்டோபர்

எலி. இத்தனை நாள் யாரும் எலியை எடுக்கலையேன்னு நினைச்சேன், கோரமங்களாவுல இருந்து ஒரு அம்மா எடுத்துட்டாங்க. அவங்க வண்டியில எலி ஓஸைக் கடிச்சு வச்சு, 3,400 ரூபாய் பில். இன்சூரன்ஸ்ல கேக்கலாமான்னு கேக்கறாங்க.

அம்மா, எலிக்கடியைப் பல கம்பெனி ஏத்துக்கறாங்க, தேய்மானத்தைத்தான் ஏத்துக்க மாட்டாங்க. ஆனா கேக்கறதுக்கு முன்னால கணக்கு போடுங்க. 3,400-ல பொருள் 2,000, கூலி 1,400-னு வச்சுக்கலாம். சாதாரண பாலிசியில ரப்பர், நைலான், பிளாஸ்டிக் எல்லாத்துக்கும் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பாங்க. 2,000 ஆயிரமாச்சு. கூலியோட 2,400. 1,500 சி.சி-க்கு உட்பட்ட வண்டிக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். கைக்கு வர்றது 1,400.

உங்களுக்கு நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேக்காத வருஷங்களுக்காக பிரீமியத்துல கிடைக்கற தள்ளுபடி) 50 சதவீதம் சேர்ந்திருந்தா அது அடுத்த வருஷம் பூஜ்யம். சொந்த சேதத்துக்கான பிரீமியம் 6,000-னா அடுத்த வருஷம் மட்டும் 3,000 ரூபாய் கூடுதலா கட்டணும். அதுக்கு அடுத்த வருஷம் 20, அப்புறம் 25, 35, 45-னு படிப்படியா ஏறித்தான் திரும்ப 50 வரும். 1,400 வாங்கறதுக்கு இது வேண்டாம். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத பாலிசி) எடுத்திருந்தா அந்த ஆயிரம் கழியாது, அப்பவும் 2,400-தான். பெரிய பில்லுக்கு வச்சுக்கோங்க.

எலிக்கு என்ன பண்றது? பானட்டுக்குள்ள புகையிலைக் கட்டு தொங்கவிடறவங்க உண்டு, அந்துருண்டை வைக்கறவங்க உண்டு. எங்க கட்டடத்துல உருப்படியா வேலை செஞ்சது ஒண்ணுதான், பேஸ்மென்ட்ல இருந்த குப்பைத் தொட்டியையும் புறாவுக்குப் போடற தானியத்தையும் வெளியே தள்ளினது. அசோசியேஷன் மீட்டிங்ல அதுக்காக நடந்த சண்டையை எழுதினா இந்த இழை பத்தாது.

15 அக்டோபர், இரவு 11.50

போயிட்டு வந்தாச்சு. ஹொரமாவு நண்பர் கேட்டார், அதே மர்ஃபி டவுன் பாய்கிட்ட வண்டியை இழுத்துட்டு வந்தார், நானும் போய் நின்னேன். நாளைக்கு எழுதறேன்.

16 அக்டோபர், காலை

பாய் முதல்ல பேட்டரியோட நெகட்டிவைக் கழட்டினார். டேங்க்ல இருந்த பெட்ரோல்ல பெரும்பகுதியை இரும்பு கேன்ல இறக்கினார். தண்ணி கேன்ல இறக்கறது வேண்டவே வேண்டாம்னு பையனைத் திட்டினார், எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பழைய பல்பு லைட்டைக் கிட்டேயே கொண்டுவரல, எல்.இ.டி டார்ச்தான். சூடான பல்பு மேல ஒரு சொட்டு பெட்ரோல் பட்டா கண்ணாடி வெடிக்கும்னார்.

டேங்கை ஒரு ஜாக் மேல தாங்கி, பட்டை போல்ட்டைக் கழட்டி ஒரு சாண் அளவுக்குக் கீழே விட்டார். கை நுழையற இடைவெளி. பெட்ரோல் ஒழுகின இடம் பார்த்த உடனே தெரிஞ்சது. டேங்க் மேல முழுக்க செம்மண் புழுதி, பம்ப் தலையைச் சுத்தி மட்டும் ஒரு உள்ளங்கை அளவு கழுவிவிட்ட மாதிரி சுத்தம், ஓரத்துல காப்பிக்கறை நிறத்துல ஒரு கோடு. துணியால துடைச்சு, சாக்பீஸ் பொடி தூவினார். பேட்டரியைத் திரும்ப மாட்டி, சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பச் சொன்னார். ஸ்டார்ட் இல்ல. சாவி ஆன் ஆனதும் பம்ப் ரெண்டு செகண்ட் முனகி லைன்ல அழுத்தம் ஏத்தும். முனகல் நின்ன உடனே, ஓஸ்ல கிளாம்ப் கடிச்சிருந்த இடத்துல மயிரிழை மாதிரி ஒரு கீறல்ல பெட்ரோல் முத்து ஒண்ணு ஊறி, பெருசாகி, பொடியில உருண்டுச்சு. நாங்க மூணு பேரும் குனிஞ்சு பார்த்துக்கிட்டிருந்தோம். ஹொரமாவு நண்பர் அதை போன்ல படம் எடுக்கப் போனார், பாய் அவரைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டார்.

பல் கிளிப்தான். எப்பவோ யாரோ டேங்கை இறக்கினவங்க தண்ணி ஓஸ் கிளிப்பைப் போட்டு இறுக்கியிருக்காங்க.

பில்: ஆர்9 ஓஸ் அரை மீட்டர் 220, பெட்ரோல் கிளாம்ப் ரெண்டு 120, துருப்பிடிச்ச பட்டை போல்ட்டுகளுக்கு மாத்து 160, கூலி 1,800. மொத்தம் 2,300. பம்ப் நல்லா இருக்கு. அடியில ஓடற பைப்பை கிளிப் கிளிப்பா கழட்டிப் பார்த்தார், அதுவும் நல்லா இருக்கு.

16 அக்டோபர், மாலை

"அப்ப சர்வீஸ் சென்டர்காரங்க திருடங்களா"ன்னு கேட்டு நாலைஞ்சு பேர் கொதிக்கறாங்க. நான் அப்படிச் சொல்லமாட்டேன். பின்பக்கம்தான்னு சரியா பிடிச்சது அவங்கதான். கூலி 2,600-ங்கறதும் அநியாயம் இல்ல. ஆனா டேங்கை இறக்கிப் பார்க்கறதுக்கு முன்னாலயே அந்த வழியில இருக்கற எல்லாத்தையும் எஸ்டிமேட்ல ஏத்திட்டாங்க. இடத்தைத் தேடற வேலையை மிச்சம் பண்ணிக்கிட்டு, அதுக்கான காசை நம்ம தலையில பொருளா கட்டறது அது. அதைத்தான் நான் எதிர்க்கறேன். "டேங்கை இறக்கற கூலியை முதல்ல கொடுக்கறேன், இறக்கினதும் என்னைக் கூப்பிடுங்க, இடத்தைப் பார்த்துட்டு மீதியைப் பேசலாம்"னு சொல்லிப் பாருங்க. ஒத்துக்கற இடத்துல வேலை கொடுங்க. அங்கேயே ஒரே அதட்டல்ல மறுத்தா வண்டியை இழுத்துக்கிட்டு வெளியே வாங்க.

900 ரூபாய் மெக்கானிக்கையும் கேலி பண்ணவேண்டாம். முன் ஓஸ் போயிருந்தா அவர் சொன்னது நியாயமான விலை.

17 அக்டோபர்

பத்தாம் தேதி நான் எழுதின விலைகளைப் படிச்சுட்டு மும்பையில இருந்து ஒருத்தர் அங்கே எல்லாம் இதைவிட அதிகம்ங்கறார். இருக்கலாம். நான் சொன்னது அல்சூர், மர்ஃபி டவுன், வில்சன் கார்டன் பக்கம் சின்ன கடைகள்ல, சின்ன வண்டிக்கு. டர்போ பெட்ரோல், நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு இது பொருந்தாது. நேரடி இன்ஜெக்ஷன்ல இன்ஜின் மேல இருக்கற லைன்ல அழுத்தம் நூறு பாரைத் தாண்டும். அங்கே ஓஸே கிடையாது, எல்லாம் எஃகு பைப், கழட்டினா புதுசுதான் போடணும். அதுக்குக் கம்பெனி சர்வீஸ்தான் சரி.

24 அக்டோபர்

ஹொரமாவு நண்பர் ஊருக்குப் போயிட்டு பத்திரமா திரும்பிட்டார். வாடை இல்ல. கிருஷ்ணகிரியில நிறுத்தி, சொன்னபடி குனிஞ்சு ஒரு தடவை பார்த்தாராம். சந்தோஷம்.

நடுவுல ஒருத்தர் கேட்ட கேள்வி அப்படியே நின்னுபோச்சு, "ஒழுகலால எவ்வளவு பெட்ரோல் வீணாகும்?" மில்லிக்கு இருபது சொட்டுன்னு வச்சுக்கிட்டு, செகண்டுக்கு ஒரு சொட்டுன்னா மணிக்கு 180 மில்லி. லிட்டர் நூறு ரூபாய்னு வச்சுக்கிட்டா மணிக்குப் பதினெட்டு ரூபாய். வண்டி ஓடும்போதும் ஓடி நின்ன கொஞ்ச நேரமும்தான் ஒழுகும், நாள் முழுக்க இல்ல. பணமா பார்த்தா சில்லறைதான். அதனாலதான் பலபேர் மாசக்கணக்குல விட்டுவைக்கறாங்க. இதைப் பணமா பார்க்காதீங்க.

26 அக்டோபர்

டீசல்காரர் ஒருத்தர்: காலையில ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம் இழுக்குது, ஒழுகல் எங்கேயும் தெரியல.

டீசல்ல டேங்க்ல இருந்து பம்ப் வரைக்கும் பல வண்டிகள்ல உறிஞ்சற பாதை. அதுல விரிசல் விட்டா டீசல் வெளியே வராது, காத்து உள்ளே போகும். ஃபில்டர் பக்கத்துல ஒரு துண்டு ஒளி ஊடுருவற டியூப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க, குமிழ் ஓடறது தெரியும். இன்ஜெக்டர் தலைக்கு மேல போற மெல்லிசு ரிட்டர்ன் டியூப்களையும் பாருங்க, விலை கம்மி, சீக்கிரம் காயும். ஆனா இன்ஜின் ஓடும்போது ரயில்ல இருந்து இன்ஜெக்டருக்குப் போற எஃகு பைப்கிட்ட கையைக் கொண்டுபோகவே கூடாது. அங்கே ஆயிரம் பாருக்கு மேல அழுத்தம். கண்ணுக்குத் தெரியாத பீச்சல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். வலி பெருசா இருக்காது, விரலை எடுக்கற நிலைமைக்குக் கொண்டுபோய் விடும். பட்டா உடனே ஆஸ்பத்திரி.

9 நவம்பர்

வேகன்ஆர் வச்சிருக்கற ஒருத்தர், தன்னோடது 2019 ஆரம்பத்துல வாங்கினது, லேசா வாடை வருதுங்கறார். அவருக்காக மட்டும் இல்ல, எல்லாருக்கும்: மாருதி 2019 ஆகஸ்ட்ல 40,618 வேகன்ஆர் 1.0 வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டாங்க (ரீகால்). 2018 நவம்பர் 15-ல இருந்து 2019 ஆகஸ்ட் 12 வரைக்கும் செஞ்சது. ஃபியூயல் ஓஸ் இரும்பு கிளாம்ப் மேல உரசலாம்ங்கறதுதான் காரணம். இலவசமா பார்த்துக் கொடுத்தாங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினவங்களுக்கு இந்தத் தகவல் போயே சேர்ந்திருக்காது. சேஸிஸ் நம்பரைக் கம்பெனி வெப்சைட்ல போட்டுப் பாருங்க, பல கம்பெனிகள்ல ரீகால் நிலுவையில இருந்தா காட்டும். காசு கொடுத்து ஓஸ் மாத்தறதுக்கு முன்னால இதைப் பண்ணுங்க.

10 நவம்பர்

ஆர்9 ஓஸ் எங்கே கிடைக்கும்னு தனியா கேட்டவங்களுக்கு: ஜே.சி. ரோட்டுல மினர்வா சர்க்கிள் பக்கம் இருந்து நடந்துக்கிட்டே கேளுங்க, முதல் கடையில இல்லன்னா மூணாவது நாலாவதுல இருக்கும். பழைய ஓஸ் துண்டைக் கையில எடுத்துட்டுப் போங்க, உள்விட்டம் அளக்க. ஞாயித்துக்கிழமை போகாதீங்க, பெரும்பாலான கடை மூடியிருக்கும். "இதுவும் அதேதான் சார்"னு எழுத்து இல்லாத ஓஸை நீட்டினா அடுத்த கடைக்கு நகர்ந்துடுங்க.